முதல் வேலைக்கான விஎஃப்எக்ஸ் ரீல்: எதை வைப்பது, எதை வெட்டுவது

சென்னையில் ஒரு விஎஃப்எக்ஸ் (திரைக்காட்சி விளைவுகள்) ஸ்டுடியோவில் ரோட்டோ (படத்திலுள்ள ஆளையோ பொருளையோ ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழித்துச் சுத்தம் செய்வது) பிரிவின் லீடாக இருக்கிறேன். ஆள் எடுக்கும் சமயத்தில் எச்ஆரிடமிருந்து ஒரு எக்செல் ஷீட் வரும். பெயர், படித்த இடம், ரீலுக்கு (செய்த ஷாட்டுகளைத் தொகுத்த சின்ன வீடியோவுக்கு) ஒரு லிங்க். அந்த லிங்க்கைத் திறந்து பார்த்து, கூப்பிடலாமா வேண்டாமா என்று சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. டெலிவரிக்கு நடுவே, ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதற்கு நேரம் கிடைக்கும். முதல் பத்துப் பதினைந்து நொடியில் ஓரளவு தெரிந்துவிடும். மீதியை ஓட்டுவது, நினைத்தது சரிதானா என்று பார்க்கத்தான். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் என்னைப் போல ரீல் பார்க்கிற பலரும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு ரீலைத் திட்டமிட்டால் உங்களுக்குத்தான் லாபம்.

ரீலைப் பார்க்கும்போது என் மனதில் ஓடுவது ஒரே கேள்வி. வருகிற திங்கட்கிழமை இந்தப் பிள்ளையிடம் ஒரு ஷாட்டைக் கொடுத்தால், புதன்கிழமை நான் உட்கார்ந்து அதைத் திரும்பச் செய்யாமல் இருப்பேனா? உங்கள் ரசனை, கனவு, பிடித்த டைரக்டர் எல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரீலில் அதற்கு இடமில்லை.

எந்த டிபார்ட்மென்ட் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வருகிற ரீல்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கட்டடம் வெடிக்கும். கையிலிருந்து நெருப்பு வரும். விண்கலம் ஒன்று மெரினா மேல் இறங்கும். கடைசியில் ஒரு லோகோ சுற்றும். செய்தவர் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

போன வருடம் எங்களிடம் ட்ரெய்னியாக இருந்த ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தெரியும்னு காட்டினா நல்லதுதானே?"

"எந்த டீம் ஷீட்டுல உன் பேரை எழுதறதுடா அப்போ?" என்றேன். சிரித்தான். ஆனால் நிஜமாகவே அதுதான் சிக்கல். எச்ஆர் ஷீட்டில் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் (கேமரா எப்படி நகர்ந்தது என்று கணக்கிடுவது), காம்ப் (எல்லாத் துண்டையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது), எஃப்எக்ஸ் (நெருப்பு, புகை, தண்ணீர் மாதிரி), லைட்டிங் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கின்றன. 'கொஞ்சம் கொஞ்சம்' என்று ஒரு பத்தி இல்லை.

சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை எங்கே போனாலும் புதியவர்களுக்கு அதிகம் திறக்கிற கதவுகள் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் மூன்றும்தான். வெளிநாட்டுப் படங்களின் இந்த வேலை இங்கே மொத்தமாக வருகிறது, ஷாட் எண்ணிக்கையும் அதிகம், ஆட்களும் அதிகம் தேவைப்படுவார்கள். காம்பில் நேராக நுழைகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய ரீல், ஏற்கெனவே இரண்டு வருடம் வேலை பார்த்தவரின் ரீலோடு போட்டி போட வேண்டியிருக்கும். எஃப்எக்ஸுக்கும் அதேதான்.

ரோட்டோ என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அது உங்கள் விருப்பம். ஆனால் நல்ல ரோட்டோ தெரிந்தவர் பெயின்டுக்கும், அங்கிருந்து காம்புக்கும் நகர்வதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எட்ஜ் என்றால் என்னவென்று கையால் கற்றவர்கள் அவர்கள்.

ஒரு விதிவிலக்கு. சீரியல், விளம்பரம், சின்ன பட்ஜெட் படங்கள் செய்கிற சின்ன ஸ்டுடியோக்கள் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருக்கின்றன. அங்கே ஒரே ஆள்தான் கீயிங்கும் (நிறத்தை வைத்துப் பின்னணியை நீக்குவது) செய்வார், டைட்டிலும் போடுவார், தேவைப்பட்டால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மழையும் பெய்விப்பார். அங்கே விண்ணப்பித்தால் பலவகை ரீல்தான் சரி. அப்படியானால் இரண்டு ரீல் வெட்டுங்கள். ஒன்றையே இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள்.

காலம் சுலபமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது படப்பிடிப்பு நின்றது, சில மாதம் கழித்து அந்த வெற்றிடம் இங்கே உள்ள மேஜைகளுக்கு வந்து சேர்ந்தது. 2025 பிப்ரவரியில், விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் அனுபவசாலிகள் பலர் ஒரே வாரத்தில் வேலை தேடத் தொடங்கினார்கள். ஆகவே உங்கள் ரீலுக்குப் பக்கத்தில் யாருடைய ரீல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்த ஷாட், சுத்தமான ஷாட் என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

ஷாட் பட்டியலை எழுதிய பிறகுதான் சாஃப்ட்வேரைத் திற

ரோட்டோ, பெயின்ட் ரீல் என்றால் நான்கு ஷாட் போதும், ஐந்து தாராளம். ஒவ்வொரு ஷாட்டும் ஒரு தனிச் சிக்கலைத் தீர்த்ததாக இருக்க வேண்டும். நடக்கிற மனிதரை நான்கு முறை ரோட்டோ செய்து வைத்தால் அது ஒரு ஷாட்டுக்குச் சமம்தான். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் சிக்கல், வலப்பக்கம் அதற்கான ஷாட். தலைமுடி, ஒருவரை ஒருவர் கடந்து போவது, வேகமான அசைவில் மோஷன் ப்ளர், ஃபோகஸ் மாறுவது, கண்ணாடிப் பிரதிபலிப்பு, அசையும் கேமராவில் கம்பி நீக்கம். இந்த ஆறையும் நான்கு ஷாட்டுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் திட்டம்.

ஒரு ரோட்டோ ஷாட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

பெசன்ட் நகர் கடற்கரை. உங்கள் தோழி கேமராவை நோக்கி நடந்து வருகிறாள். காற்று அடிக்கிறது. துப்பட்டாவை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தில் விழும் முடியை ஒதுக்குகிறாள். 24 ஃபிரேமில் 5 நொடி, அதாவது 120 ஃபிரேம். எங்கள் தொழிலில் ஷாட் பெரும்பாலும் 1001இல் தொடங்கும், ஆகவே 1001 முதல் 1120 வரை. நீங்களும் அப்படியே எண்ணுங்கள். பார்க்கிறவருக்கு, தொழில் பழக்கம் தெரிந்த ஆள் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

அவளைச் சுற்றி ஒரே கோடு வரைந்தால் வேலை அங்கேயே கெட்டது. தலை தனி, கழுத்து தனி, உடம்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை, விரல்கள் எல்லாம் தனித்தனி ஷேப். மூட்டு எங்கே மடங்குகிறதோ அங்கே பிரிக்க வேண்டும், பக்கத்து ஷேப்புக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். துப்பட்டாவை இரண்டு மூன்று துண்டாக்குங்கள். உடம்பின் பொதுவான நகர்வை ட்ராக்கர் பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை மட்டும் கை செய்யட்டும்.

கீஃப்ரேமை (ஷேப்பைக் கையால் பொருத்தி வைக்கும் ஃபிரேமை) எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர் யார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ போட்டால் எட்ஜ் கொதிக்கும். ஓடவிட்டால் ஓரமெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும். முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம், அப்புறம் அசைவு திசை மாறுகிற இடங்கள்: கை மேலே போய் நிற்கிற ஃபிரேம், கால் தரையைத் தொடுகிற ஃபிரேம். அவற்றில் முதலில் கீ. நடுவில் விலகினால் மட்டும் இன்னொன்று. முழங்கையில் வைத்த புள்ளி கடைசி வரை முழங்கையிலேயே இருக்க வேண்டும். அது மெதுவாகத் தோளுக்கு ஊர்ந்தால் நடுவிலுள்ள ஃபிரேம்கள் எல்லாம் வழுக்கும்.

மோஷன் ப்ளரை ஆன் செய்ய மறக்காதீர்கள். ஷட்டர் 180 டிகிரி (ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி) என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். ஆனால் ப்ளேட்டில் (கேமராவில் எடுத்த அசல் காட்சியில்) தெரியும் ப்ளரின் நீளத்தோடும் அது விழுகிற பக்கத்தோடும் ஒப்பிட்டு ஷட்டரையும் ஆஃப்செட்டையும் திருத்துங்கள். முடிக்கு, பெரிய திரளை ஒரு கெட்டியான ஷேப்பாகவும், தனியாகப் பறக்கும் இழைகளில் கண்ணில் படுகிற சிலவற்றை மெல்லிய ஸ்ப்லைனாகவும் (புள்ளிகளை இணைக்கும் வளைகோடாகவும்) செய்தால் போதும். எல்லா இழையையும் துரத்தி இரண்டு வாரம் செலவழித்தவர்களைத் தெரியும், காம்பில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. மெல்லிய முடியைக் காம்ப் ஆர்ட்டிஸ்ட் ப்ளேட்டிலிருந்தே கீயிங் செய்து எடுக்கப் பார்ப்பார்.

அப்புறம் நான் எங்கே பார்ப்பேன் தெரியுமா? அக்குளுக்கும் உடம்புக்கும் இடையில் திறந்து மூடும் சந்து. விரல் இடுக்கு. ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே துளியாகத் தெரியும் கடல். அந்தத் துளிக்கு ஓட்டை போட்டிருக்கிறாரா, போட்ட ஓட்டை ஜிமிக்கி ஆடும்போது கூடவே ஆடுகிறதா? போட்டிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் டிக் விழும்.

கம்பி நீக்கம்: வானத்தில் வேண்டாம்

பெயின்ட் ரீல்களில் பலர் தெளிந்த நீல வானத்திலிருந்து ஒரு கம்பியை நீக்கிக் காட்டுகிறார்கள். அதில் எனக்குத் தெரிய எதுவுமில்லை. அதே ஈபி கம்பி ஒரு வேப்பமரத்தின் முன்னால் போகட்டும். கேமரா கையில் இருக்கட்டும். இலைகள் அசைகின்றன, கம்பியும் மரமும் வேறு வேறு தூரத்தில் இருப்பதால் கேமரா அசையும்போது நகர்கிற அளவும் (பேரலாக்ஸ்) வேறு. இப்போது ஒரு ஃபிரேமை நிறுத்தி அதிலிருந்து ஒட்டுப்போட்டால் அந்த இடத்தில் மட்டும் இலை செத்துக் கிடக்கும். அதனால் அதே ப்ளேட்டைச் சில ஃபிரேம் முன்னோ பின்னோ தள்ளி, அசைகிற இலையையே எடுத்து, மரத்தின் ட்ராக்கோடு நகர்த்தி, மிருதுவான ரோட்டோவுக்குள் வைக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரே ஷாட்டில் ட்ராக்கிங், ரோட்டோ, பேச் மூன்றும் தெரியும்.

கிரெயினை (படத்தில் ஊர்கிற நுண்ணிய புள்ளிகளை) மறந்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஒட்டிய இடத்தில் கிரெயின் உறைந்திருந்தால் ஓடும்போது அழுக்குக் கறை மாதிரி தெரியும். நியூக் என்ற காம்ப் சாஃப்ட்வேரில் வியூயரின் கெயினை (பிரகாசத்தை) ஏற்றி, ப்ளூ சேனலை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். நாய்ஸ் பெரும்பாலும் அங்கேதான் அதிகம், பொய்யும் அங்கேதான் முதலில் வெளிப்படும். காமாவை ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். கறுப்பில் ஒட்டின ஓரம் தெரிந்தால் திரும்பப் போங்கள்.

இன்னொன்று, கண்ணாடி. ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியை ஒட்டி நடந்துகொண்டே எடுங்கள், அதில் விழும் உங்கள் பிரதிபலிப்பையும் கேமராவையும் நீக்குங்கள். பொம்மை, தெரு, நீங்கள் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். கஷ்டம்தான். கடை முதலாளியிடம் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

மேட்ச்மூவ் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. கையில் பிடித்து எடுத்த ஷாட், தரையில் கம்ப்யூட்டரில் வைத்த செக்கர் கட்டம், அருகில், நடுவில், தூரத்தில் என மூன்று இடத்தில் கூம்புகள். பலருக்கு அருகில் உள்ள கூம்பு நன்றாக உட்காரும், தூரத்தில் உள்ளது வழுக்கும். லென்ஸ் டிஸ்டார்ஷனை (லென்ஸ் தரும் வளைவை) நீக்கி ட்ராக் செய்ததையும், திரும்பச் சேர்த்ததையும் காட்டுங்கள். படம் எடுக்கும்போதே தரை ஓட்டின் அகலம், வாசல்படி உயரம், கேமரா உயரம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டால், சோல்வ் (கேமரா நகர்வின் கணக்கு) வந்தபின் அளவு சரியா என்று வாதாடத் தேவையில்லை.

காம்பையே குறிவைக்கிறவர் ஒரு போன் திரை மாற்றும் ஷாட்டை வையுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் விரல் திரைக்கு மேல் போகும், ஃபோகஸ் முகத்திலிருந்து போனுக்கு மாறும், பழைய திரையின் மேல் விழுந்த ஒளி புதிய திரையிலும் இருக்க வேண்டும். தினசரி வேலை அதுதான். அத்துடன் ஒரு கிரீன் ஸ்கிரீன், முடியோடும் ஸ்பில்லோடும் (ஆள்மேல் படியும் பச்சை ஒளியோடும்). விண்கலத்தை விட இந்த இரண்டும் என்னை அதிகம் கவரும்.

ப்ளேட்டுக்கு எங்கே போவது

யூடியூபில் ஒரு படத்தின் காட்சியை இறக்கி அதில் வேலை செய்யாதீர்கள். காப்பிரைட் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கம்ப்ரெஷனில் எட்ஜ் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும், நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மோசமாகத் தெரியும்.

நல்ல ப்ளேட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2012இல் வெளியிட்ட 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' குறும்படத்தின் அசல் காட்சிகள், கிரீன் ஸ்கிரீன் ஷாட்டுகள் உட்பட, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆக்‌ஷன்விஎஃப்எக்ஸ், ஹாலிவுட் கேமரா வொர்க் தளங்களிலும் பயிற்சிக் காட்சிகள் உண்டு. எச்டிஆர்ஐ (ஒரு இடத்தின் ஒளியை முழுதாகப் பதிந்த படம்) வேண்டுமென்றால் பாலி ஹேவன்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த ப்ளேட்டுகளை நான் மனப்பாடமாகப் பார்த்திருக்கிறேன். ஒரே இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வருகிற ஒரு பேட்ச் முழுக்க ஒரே பெண், ஒரே பச்சைத் திரை, ஒரே பாழடைந்த நகரம் என்று வரும். யார் செய்தது, யார் பக்கத்து சீட்டிலிருந்து வாங்கியது என்று சொல்லவே முடியாது. ஆகவே ஒன்றிரண்டு தெரிந்த ப்ளேட் இருக்கட்டும், மீதியை நீங்களே எடுங்கள்.

போன் போதும். ஆனால் தானாகச் செய்கிற எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். ஸ்டெபிலைசேஷன் மேட்ச்மூவுக்கு விஷம். ஃபிரேமுக்கு ஃபிரேம் படத்தை வளைத்துவிடும், கேமரா எங்கே இருந்தது என்று எந்த சாஃப்ட்வேராலும் கண்டுபிடிக்க முடியாது. போனோடு வருகிற கேமரா ஆப்கள் பலவற்றில் ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம், உங்கள் போன் அதை ஏற்றால் 24 என்று பூட்டிவிடலாம். ஷட்டரை 1/50இல் வையுங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் வெளிச்சமும் மினுக்காது, ப்ளரும் சினிமா அளவுக்கு வரும். எடுத்ததை ஈஎக்ஸ்ஆர் அல்லது டிபிஎக்ஸ் சீக்வென்ஸாக (ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு படக் கோப்பாக) மாற்றி, 1001இலிருந்து எண் போட்டு, அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள்.

சாஃப்ட்வேரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு இலவசம். எச்டிக்கு மேல் ரெண்டர் தராது, ரீலுக்கு எச்டியே போதும். எஃப்எக்ஸுக்கான ஹூடினி அப்ரென்டிஸ் இலவசம், ரெண்டரில் வாட்டர்மார்க் விழும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ரிசால்வுக்குள் இருக்கும் ஃப்யூஷன், பிளெண்டர் இரண்டிலும் கற்கலாம். ரோட்டோவுக்கான சில்ஹவுட், மோகா, மேட்ச்மூவுக்கான த்ரீடிஈக்வலைசர் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஸ்டுடியோவில் கற்றுக்கொள்ளலாம். க்ராக் பதிப்பில் செய்ததாக இன்டர்வியூவில் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

ஏஐ ரோட்டோவை என்ன செய்வது

கேட்காத ஆள் இல்லை. நியூக்கில் 2021இலேயே காப்பிகேட் (சில ஃபிரேமைச் செய்து காட்டினால் மற்றதைக் கற்றுச் செய்யும் கருவி) வந்துவிட்டது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரோட்டோ பிரஷ் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. எங்கள் ஃப்ளோரிலும் பயன்படுத்துகிறோம். தற்காலிக மேட் (ஆளைப் பிரித்துக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்), டெனாய்ஸ், ரஃப் காம்ப் இவற்றுக்கெல்லாம் நேரம் மிச்சமாகிறது. ஆனால் இருவர் ஒருவரை ஒருவர் கடக்கும் இடத்திலும், ப்ளரிலும், முடியிலும் அது தடுமாறும்போது திருத்த ஒரு ஆள் வேண்டும். ஸ்ப்லைனைத்தான் டெலிவரி செய்ய வேண்டும் என்று கேட்கிற கிளையன்ட்டுகளும் இருக்கிறார்கள். ஆகவே ரீலில் கையால் செய்த ஷாட் கட்டாயம் இருக்கட்டும், ஸ்ப்லைன் தெரியும்படி. ஒரு ஷாட்டில் மெஷின் உதவி எடுத்திருந்தால் கீழே எழுதுங்கள்: முதல் மேட் எதில் வந்தது, எந்த ஃபிரேம்களில் நீங்கள் திருத்தினீர்கள் என்று. அப்படி எழுதின ஒரு ரீலைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிடச் சொன்னேன். எழுதாமல் மறைத்தால் டெஸ்டில் தெரிந்துவிடும்.

நேரம்

கையில் மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் ஷாட் பட்டியலும் படப்பிடிப்பும். தேவைக்கு இருமடங்கு எடுத்துவையுங்கள், சிலது வேலைக்கு ஆகாது. அடுத்த ஏழெட்டு வாரம் ஷாட் வேலை, கடினமானதை முதலில். கடைசியில் வைத்தால் அவசரத்தில் அது கெடும், ரீலின் முதல் ஷாட்டாக வரவேண்டியதும் அதுவே. மீதி நாட்கள் திருத்தத்துக்கும் வெட்டுக்கும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் எத்தனை நாள் ஆனது என்று குறித்து வாருங்கள். ஸ்டுடியோவில் எல்லாம் மேன்டே (ஒரு ஆளின் ஒரு நாள் வேலை) கணக்குதான். இந்த ஷாட்டுக்கு இத்தனை மேன்டே என்று கிளையன்டிடம் முன்கூட்டியே கணக்குச் சொல்லியிருப்போம், அதற்குள் முடிய வேண்டும். புதியவருக்கு அதிக நாள் ஆவது இயல்பு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் 'எத்தனை நாள் ஆச்சு?' என்று கேட்டதும் தயங்காமல் பதில் வந்தால், இவர் தன் வேலையைக் கவனித்துச் செய்கிறார் என்று புரியும்.

வெட்டுவது

ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். ரோட்டோவுக்கு ஒரு நிமிடமே போதும். ஆரம்பத்தில் மூன்று நொடி ஸ்லேட்: பெயர், எந்த வேலைக்கு, போன், மெயில். பறக்கும் எழுத்து, கவுன்ட்டவுன் எதுவும் வேண்டாம். கடைசியிலும் அதே ஸ்லேட்.

மிகச் சிறந்த ஷாட் முதலில். இரண்டாவது சிறந்தது கடைசியில். நடுவில் ஒன்று சுமாராக இருந்தால் எடுத்துவிடுங்கள். மூன்று நல்ல ஷாட்டோடு ஒரு சுமாரான ஷாட்டை வைத்தால், இது சுமார் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் நான் நினைப்பேன். அது திறமைக் குறைவை விடப் பெரிய சந்தேகம்.

ஒவ்வொரு ஷாட்டையும் முதலில் முழு வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு அசல் ப்ளேட், ஸ்ப்லைன் தெரியும் ஓவர்லே, கறுப்பு வெள்ளை மேட், கடைசியாக மறுபடியும் முடிந்த ஷாட். பெயின்டுக்கு முன்–பின் வைப். ஸ்லோமோஷன் போட்டால் ஏதோ மறைக்கிறார் என்று தோன்றும். நாங்கள் எப்படியும் நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்போம். யூடியூபில் நிறுத்திவிட்டு கமா, புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். நீங்களும் அப்படி உங்கள் ரீலை ஒருமுறை பாருங்கள். பாட்டு என்ன போட்டாலும் சரி, நான் ம்யூட்டில்தான் பார்க்கிறேன்.

ஷாட்டின் கீழே சின்ன எழுத்தில் நீங்கள் செய்தது மட்டும். 'ரோட்டோ, கம்பி நீக்கம்: நான். சிஜி: குழுவினர்.' குழுவாகச் செய்த புராஜெக்டை முழுக்கத் தன்னுடையது போல் காட்டுகிறவர்கள், அதே குழுவின் இன்னொருவர் ரீல் அதே வாரம் எங்களுக்கு வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்டர்ன்ஷிப் போன இடத்தின் ஷாட்டை வைக்கலாமா என்று கேட்பார்கள். எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும். படம் ரிலீஸ் ஆகிவிட்டது என்பது அனுமதி ஆகாது. என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) என்றால் என்ன, ஃப்ளோருக்குள் ஏன் போன் வாங்கிவைக்கிறார்கள், டிபிஎன் (படங்கள் கசியாமல் இருக்க ஸ்டுடியோக்களைச் சோதிக்கும் அமைப்பு) பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று உள்ளே வந்ததும் புரியும். பென்டிரைவில் கொண்டுவந்த ஷாட்டை என்னிடம் காட்டினால், நாளை எங்கள் ஷாட்டையும் இப்படித்தான் கொண்டுபோவார் என்றுதான் நினைப்பேன்.

அனுப்புவது

எச்.264, எம்பி4, 1080. யூடியூப் அன்லிஸ்டட் அல்லது விமியோ. திறந்தால் 'அனுமதி கேளுங்கள்' என்று காட்டுகிற டிரைவ் லிங்க்குகள் வாராவாரம் வரும். நான் அனுமதி கேட்பதில்லை, அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அனுப்புவதற்கு முன் இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். கூடவே ஒரு பக்க பிடிஎஃப் வையுங்கள்: ஷாட் எண், சிக்கல், நீங்கள் செய்தது, சாஃப்ட்வேர், ஆன நாட்கள். மெயிலின் சப்ஜெக்டில் பெயரும் வேலையும்: 'ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் – ஃப்ரெஷர்'. 'டியர் சார்' என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதற்காகத் தள்ளிவிட மாட்டேன்.

வேலையில் சேர 'ட்ரெய்னிங் டெபாசிட்' என்று பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சான்றிதழின் ஒரிஜினலைப் பூட்டிவைக்கிற இடத்திலிருந்தும்தான்.

ரீல் பிடித்தால் டெஸ்ட் வரும். ஒரு ப்ளேட், ஒரு குறிப்பு, ஒரு கெடு. அந்தக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். எத்தனை ஃபிரேம், ஹேண்டில் (ஷாட்டின் இரு முனையிலும் சேர்க்கும் கூடுதல் ஃபிரேம்) உண்டா, ஃபைல் பெயர் எப்படி, மேட் எந்த சேனலில் என்று அதிலேயே இருக்கும். பெயரை மாற்றி அனுப்பிய நல்ல ரோட்டோவை விட, சொன்னபடி அனுப்பிய சுமாரான ரோட்டோ எனக்குப் பயன்படும். புரியாததை மெயிலில் கேளுங்கள், ஒரே மெயிலில் எல்லாக் கேள்வியையும் சேர்த்து. கெடுவுக்குள் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லுங்கள், முடிந்த ஃபிரேம்களைச் சுத்தமாக அனுப்புங்கள். கூப்பிடவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து, குறைந்தது இரண்டு புதிய ஷாட்டோடு, மறுபடி அனுப்புங்கள். எவை புதிது என்று மெயிலிலேயே எழுதிவிடுங்கள், நேராக அந்த நொடிக்குப் போய்ப் பார்ப்பேன்.